திரும்பி வரும் தோணிக்கு விளக்கு

1960 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். இந்த அணை நீரில் மீன் பிடிக்கப் போகும் பனந்தோணிகள் மொத்தம் பதினாறு. நேற்றிரவு விளக்கோடு போனவை, பூஜ்யம்.

மகனே, உனக்கு இன்று ஏழு மாதம் முடிகிறது. நீ இந்த மேஜைக்குப் பக்கத்தில் தூளியில் தூங்குகிறாய். இதை உனக்கு இருபத்தொரு வயது ஆனதும் உன் அம்மா உன் கையில் கொடுப்பாள். வளர்ந்த பிறகு நேரில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். முடியாது. எனக்கு இப்போது இருபத்தெட்டு வயது. நீ ஆளாகும்போது எனக்கு நாற்பத்தொன்பது. அதற்குள் இந்தக் கதையை எனக்குச் சாதகமாகச் சொல்லப் பழகியிருப்பேன். மனிதர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், நான் அலுவலகத்தில் தினமும் பார்க்கிறேன். எட்டு மணிக்குக் கரையில் ஊர் கூடுகிறது. உன் தாய்மாமன் முனிரத்தினத்தின் தோணியைக் கோடாலி போட்டுப் பிளப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறார்கள். அந்தத் தோணி பிளக்கப்பட்டால் அதற்குக் காரணம் நான். இது என்னையும் உன் அம்மாவையும் உன் மாமாவையும் தவிர யாருக்கும் தெரியாது. எனக்கு இரண்டு மணி இருபது நிமிடம் இருக்கிறது. நிதானமாக எழுதிப் பார்க்கிறேன், நிதானம் எனக்கு வராது என்றாலும்.

இன்னும் பதினொரு நாளில் நாம் இங்கே இருக்கமாட்டோம். மாநில எல்லை மாறுகிறது. திருத்தணி சென்னைப் பக்கம் போகிறது, சத்தியவேடு இந்தப் பக்கம் வருகிறது. எந்தப் பக்கம் வேலை வேண்டும் என்று கேட்டு எனக்கும் ஒரு தாள் வந்தது. சென்னை என்று எழுதி அரை நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் அம்மாவைக் கேட்கவில்லை. அவள் பிறந்த ஊர் நகரிக்குக் கிழக்கே, இந்த நீரின் தென்கரையில். அவள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக நெல்லும் கடலையும் போட்ட மண் இந்த நீருக்கு அடியில். நான் இந்த அணையின் ஓவர்சியர். மதகுகளைத் தூக்கும் மோட்டார், கரைவிளக்கு, தந்திக்கம்பி, எல்லாம் என் பொறுப்பு. அவர்கள் வயலை மூழ்கடித்த இலாகாவுக்கே பெண்ணையும் கொடுத்தார்கள் என்று நான் கேலி செய்வதுண்டு. உன் அம்மா சிரிக்கமாட்டாள்.

நீ இந்த நீரைப் பார்த்த நினைவே இல்லாமல் வளர்வாய், அதனால் சொல்கிறேன். விடியும் முன்பு இங்கே காற்று நின்றுவிடும். அப்போது நீருக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு இருக்காது. நகரி மலையின் மூக்கு தலைகீழாக நீரில் நிற்கும். மொட்டைப் பனைகள் முழங்கால் தண்ணீரில் நிற்பவர்கள் மாதிரி வரிசையாக நிற்கும், அவையெல்லாம் பழைய வரப்புகளின் மேல் நின்ற மரங்கள். அந்த வரப்புகள் இன்னும் கீழே இருக்கின்றன. கிணறுகள் இருக்கின்றன. களத்துமேடு இருக்கிறது. எல்லாம் இருக்கிறது, மேலே இருபதடித் தண்ணீர். நான் அளவுகோலோடு போனபோது ஒருநாள் தோணியிலிருந்து குனிந்து பார்த்தேன். கீழே ஏற்றம் ஒன்று அப்படியே சாய்ந்து நின்றது. அதன் கழியின்மேல் கெண்டைக்கூட்டம் காக்கை உட்காருவதுபோல வரிசையாக நின்றது. ஓர் அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அளக்கப் போன வேலையை மறந்துவிட்டேன். என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அந்த ஒரு தரம்தான்.

இந்த ஊர்க்காரர்கள் மீனவர்கள் அல்ல, விவசாயிகள். நீர் வந்ததும், வயலுக்குத் தண்ணீர் இறைத்த பனந்தோணியின் திறந்த முனையைப் பலகை வைத்துக் களிமண் பூசி அடைத்தார்கள். நடுவில் ஒருவன் உட்கார்ந்தால் படகு. அவ்வளவு ஒடுக்கம், தும்மினால் கவிழும். அதில் அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். அவனவன் தன் வயலுக்கு மேலேதான் வலை போடுவான். எந்தப் பனைக்கும் எந்தப் பனைக்கும் நடுவில் தன் நிலம் என்று ஒவ்வொருவனுக்கும் தெரியும். அடுத்தவன் வயலுக்கு மேல் ஒரு முழம் தள்ளி வலை போட்டாலும் சண்டை. மண்ணில் இருந்த வழக்குகள் அத்தனையும் அப்படியே மிதந்து மேலே வந்துவிட்டன. உன் மாமாவுக்கும் பக்கத்து வயல் கோவிந்தனுக்கும் நடுவில் இரண்டு பனை நிற்கும் ஒரு வரப்பு பற்றி ஒன்பது வருட வழக்கு இருந்தது. வரப்பு மூழ்கியும் வழக்கு மூழ்கவில்லை.

இருட்டில் பதினாறு தோணி. இரண்டு மூன்று முறை மோதிக்கொண்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. பரிதாபத்தால் அல்ல, சுலபமாகத் தீர்க்கக்கூடிய ஒன்றைத் தீர்க்காமல் வைத்திருக்கிறார்களே என்ற எரிச்சலால். எந்த விளக்கு என்று ஒரு வாரம் யோசித்தேன். அரிக்கேன் விளக்கு கனம், ஆளைவிட அதுதான் ஆடும், எண்ணெய் கொட்டும். பெட்ரோமாக்ஸ் கண்ணைக் குருடாக்கும், பிறகு பக்கத்துப் பனையே தெரியாது. கார்பைடு விளக்கு நாறும். கடைசியில் டார்ச் செல் இரண்டு, சின்ன பல்பு, பால்பவுடர் டப்பாவை வெட்டிச் செய்த மூடி. இடப்பக்கம் சிவப்புக் கண்ணாடி, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. சென்னையில் டிப்ளமா படித்தபோது ஞாயிறுதோறும் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து கப்பல் விளக்குகளைப் பார்த்துக் கற்றது அது. விதி மிகச் சுலபம். சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அவன் உன்மேல் வருகிறான், விலகு. வெள்ளை மட்டும் தெரிந்தால் அவன் உன்னைவிட்டுப் போகிறான், நீ பாட்டுக்குப் போகலாம். திருப்பதி போய்க் கண்ணாடி வாங்கிவந்து பதினாறு தோணிக்கும் நானே என் கையால் பூட்டினேன்.

தை மாதம் ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் முதன்முதலாக எல்லா விளக்கும் எரிந்தன. ஊரே கரையில் நின்றது. "அய்யே, நம்ம ஏரில ரயிலு வுடப்போறாங்களா இன்னா?" என்று ஒரு கிழவி கேட்டாள். மீன் வாங்க வந்திருந்த திருப்பதி வியாபாரி, "லைட்டுலு பாகுன்னாயி சார், சேபலேவி?" என்றார். விளக்கு நன்றாகத்தான் இருக்கிறது, மீன் எங்கே என்று. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, என் கண் நீரின் மேல் இருந்தது. தோணிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பனைகளுக்குள் போயின. கரையிலிருந்து பார்த்த எங்களுக்கு வெள்ளை விளக்கு மட்டும் பதினாறு. அவை மெல்ல மெல்லச் சிறுத்து, எது விளக்கு எது விண்மீன் என்று தெரியாமல் போயிற்று. மூழ்கிய ஊர் ஒன்று தன் வீடுகளில் மறுபடி விளக்கேற்றிக்கொண்டது போல இருந்தது. உன் அம்மா பக்கத்தில் நின்று, "நல்லாத்தாங்க இருக்குது" என்றாள். நான் வீட்டுக்கு வந்து, சோதனை வெற்றி என்று அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினேன். எழுதி முடித்துத் தூங்கினேன். தோணிகள் போவதைப் பார்த்தவன், அவை திரும்பி வருவதைப் பார்க்கக் காத்திருக்கவில்லை. என் தவறு இவ்வளவுதான். இதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

ஒரு வாரம் கழித்து உன் மாமா வந்தார். கையில் கெண்டை இரண்டு, முகத்தில் தயக்கம். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் பெட்ரோமாக்ஸ் மங்க, நான் மணையிலிருந்து எழுந்து பம்ப் அடிக்கப் போனேன். "மாப்ளே, மொதல்ல தாலிய கட்டு, அப்புறம் வெளக்கப் பாரு" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தவர் அவர். அன்றைக்கு வந்து, "மாப்ளே, ஒன்னு கேக்கணும். திரும்பி வரும்போது பாத்தா வெள்ளை..." என்று ஆரம்பித்தார். நான் முடிக்கவிடவில்லை. "மச்சான், மீன் புடிக்கிறது உங்க வேலை. வெளக்கு என் வேலை. விதி விதிதான். சொன்னதைச் செய்யுங்க, போதும்." அவர் மீனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மற்றவர்கள் கேட்கவும் இல்லை. படித்தவன் பூட்டிய விளக்கு, நமக்குத்தான் புரியவில்லை என்று நினைத்தார்களாம். ஒரு மாதம் எதுவும் நடக்கவில்லை. காரணம் சாதாரணம், எல்லோரும் ஒன்றாகப் போனார்கள், ஒன்றாகத் திரும்பினார்கள்.

இருபத்தைந்து நாளுக்கு முன் கோவிந்தன் வீட்டில் மாடு கன்று போட்டது. அதனால் அவன் தாமதமாக, விடியும் முன்புதான் தோணியை எடுத்தான். உன் மாமா அன்று வலை கிழிந்து சீக்கிரமே திரும்பிக்கொண்டிருந்தார். நேர் எதிரெதிர். கோவிந்தன் கண்ணுக்குத் தெரிந்தது வெள்ளை விளக்கு. வெள்ளை என்றால் விலகிப் போகிறான் என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன் அல்லவா? நம்பி, உன் மாமா விலகுவதற்குள் வேகமாகத் துடுப்புப் போட்டு வந்துவிட்டான். மோதியதில் கோவிந்தன் தோணி கவிழ்ந்தது. தோணியின் விளிம்பைப் பிடித்திருந்த உன் மாமாவின் வலக்கை மோதிய இரண்டு தோணிகளுக்கும் நடுவில் சிக்கியது. கடைசி இரண்டு விரல் போய்விட்டன. அந்தக் கையோடு, நீச்சல் தெரியாத கோவிந்தனை மற்றக் கையால் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டதும் அவர்தான். ஆனால் ஊருக்கு வரப்பு வழக்குதான் நினைவுக்கு வந்தது. "பின்னாடி காட்டற வெளக்க முன்னாடி காட்டிக்கினு வந்து, வேணும்னே மோதிட்டான்" என்றான் கோவிந்தன். எல்லோரும் நம்பினார்கள். உன் மாமா நீரில் இறங்கக் கூடாது என்று கட்டுப்பாடு. அன்றே எல்லாத் தோணியிலிருந்தும் என் விளக்குகளைப் பிடுங்கிக் கரையில் போட்டார்கள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன், "தோணியைத் திருப்பும்போது என்னதான் பண்ணீங்க மச்சான்?"

"தோணிய யாரு திருப்புவாங்க? பனங்கட்டைங்க நடுவுல எங்க திருப்பறது? நாந்தான் திரும்பிக் குந்திக்கினேன். எல்லாரும் அப்படித்தானே வர்றது."

அவ்வளவுதான். அந்தத் தோணிக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆள் எந்தப் பக்கம் பார்த்து உட்காருகிறானோ அதுதான் முன். போகும்போது சரியாக இருக்கும் என் விளக்கு, வரும்போது மொத்தமாகத் தலைகீழ். வெள்ளை முன்னால், சிவப்பு வலப்பக்கம், பச்சை இடப்பக்கம். துறைமுகத்தில் மூன்று வருடம் பார்த்த கப்பல்களில் ஒன்றாவது பின்பக்கமாக வீடு திரும்பியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு உடனே புரிந்தது. உடனே வாயை மூடிக்கொண்டேன். அந்த அறிக்கையில் என் கையெழுத்து இருக்கிறது. மாற்றல் உத்தரவு மேஜையில் இருக்கிறது. விசாரணை என்று வந்தால் சென்னை வேலை நிற்கும். இப்படி இருபத்திரண்டு நாள். அந்த நாட்களில் தூக்கத்தில் ஒரே காட்சி வந்தது. நான் நீருக்கு அடியில் வரப்பின் மேல் நடந்து போகிறேன். மேலே பதினாறு தோணிகளின் அடிவயிறுகள் இருட்டில் ஊர்கின்றன. யாருக்கும் யாரும் தெரியவில்லை. நான் கத்துகிறேன், குமிழிகள் மட்டும் போகின்றன.

நேற்று மாலை தரையில் பல்புகளைப் பரப்பி, தோணியின் படம் போட்டு, இரண்டு முனையிலும் மூன்று மூன்று விளக்கு வைத்து, திரும்பும்போது ஸ்விட்ச் மாற்றலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னாங்க அது?"

சொன்னேன். தோணி திரும்பாது, ஆள்தான் திரும்புவான், அதனால் விளக்கு மாறவேண்டும் என்று.

"திரும்பறது ஆளுன்னா, வெளக்க ஆளுக்குக் கட்டவேண்டியதுதானே? எடது தோள்ள ஒன்னு, வலது தோள்ள ஒன்னு, முதுகுல ஒன்னு. அவன் திரும்புனா அதுவும் திரும்பிட்டுப் போவுது. இதுக்குப் போயி இவ்ளோ கம்பியா?"

சொல்லிவிட்டு அவள் சமையலறைப் பக்கம் நாலடி போனாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

"அப்போ எங்கண்ணன் மேல தப்பே இல்ல."

நான் பல்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எத்தினி நாளா தெரியும் உங்களுக்கு?"

"இருபத்திரண்டு நாள்."

அவள் அழவில்லை, கத்தவில்லை. உன்னை என் மடியில் வைத்தாள். "கொழந்தைக்குக் காது குத்த எங்கண்ணன் மடி வேணும்னு கேட்டேன். 'ஊர் தள்ளிவெச்ச ஆளு, வேணாம்மா'ன்னு சொல்லிட்டுது. நீங்க பக்கத்துலயே குந்திக்கினு காபி குடிச்சிக்கினு இருந்தீங்க" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். நான் எந்தத் தேர்விலும் தோற்றதில்லை, மகனே. நேற்று தோற்றேன்.

உடனே உன் மாமா வீட்டுக்குப் போனேன். அவர் இடக்கையால் சோறு சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் ஒரு வாய் சோற்றை மெதுவாக முடித்துவிட்டுச் சொன்னார், "தெரியும் மாப்ளே."

"எப்போ?"

"மோதன அன்னிக்கே. அதத்தானே முன்னாடியே உன்னாண்ட கேக்க வந்தேன்."

"ஏன் ஊர்ல சொல்லல?"

"சொன்னா உன் வேல நிக்குமா? என் தங்கச்சி உன் வூட்ல சோறு துன்னுது. எனக்கு இன்னா, வயலே தண்ணிக்கு அடியில. நான் கெட்டா மீனுக்குத்தான் லாபம்." சிரித்தார். "நீ ஊர்ல சொல்லாத. இன்னும் பன்னெண்டு நாளு. பேசாம ரயில் ஏறு. தோணி போனா போவுது, பனமரமா இல்ல?"

அவர் எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், வீட்டுக்கு வரும் வழியில் பாதி தூரம் அந்தக் கதவு வழியாகப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அவரே சொல்லிவிட்டாரே, இனி என்ன என்று. கரையோரம் வந்தபோது நீரில் துடுப்புச் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, பிறகு நிறைய. ஒரு விளக்கும் இல்லை. ஒருவன் இருட்டில், "யாரு அது? யாரு வர்றது?" என்று கேட்டுக்கொண்டே போனான். உன் மாமா மன்னிப்பது அவர் உரிமை. ஆனால் என் விளக்கைப் பிடுங்கிப் போட்டவர்கள் இனி எந்த விளக்கையும் நம்பமாட்டார்கள், தவறு முனிரத்தினத்தின் மேல் இருக்கும்வரை. தவறு யாருடையது என்று தெரிந்தால்தான் எது தவறு என்று தெரியும். எது தவறு என்று தெரிந்தால்தான் புது விளக்கைத் தோளில் கட்டிக்கொள்வார்கள். இல்லையென்றால் அடுத்த அமாவாசைக்குள் ஒருவன் போய்விடுவான், நான் அப்போது வேறொரு மாநிலத்தில் இருப்பேன்.

உனக்கு அறிவுரை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. யாராவது "ஒன்னு கேக்கணும்" என்று ஆரம்பித்தால் வாக்கியத்தை முடிக்கவிடு. எதைச் செய்தாலும் அது திரும்பி வரும்வரை கரையில் நில். தூக்கம் வந்தாலும் நில். நீ என் மகன், உனக்கும் பொறுமை இருக்காது. பொறுமை இல்லாமலே நிற்கலாம், கால் வலிக்கும், அவ்வளவுதான்.

விடிந்துவிட்டது. மேஜை விளக்கை அணைத்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே நீர் பால் மாதிரி இருக்கிறது, அதில் தோணிகள் திரும்பி வருகின்றன. இன்று எண்ணினேன், பதினைந்து. பதினாறாவது உன் மாமாவுடையது, கரையில் கவிழ்த்து வைத்திருக்கிறது. இனி செய்யப்போவது:

1. முகம் கழுவிவிட்டு, உன் அம்மாவை எழுப்பி, நீயும் அவளும் என்னோடு கரைக்கு வரவேண்டும் என்று கேட்பது. உத்தரவு போடுவதல்ல, கேட்பது.

2. ஊர் முன்னால், வேறு யாரும் பேசுவதற்கு முன், தவறு என் விளக்கினுடையது என்று சொல்வது. "ஆனால்" என்ற சொல்லைப் பயன்படுத்தாமல்.

3. முனிரத்தினம் முன்கூட்டியே என்னிடம் கேட்க வந்ததையும், நான் வாயடைத்ததையும் சொல்வது. கோவிந்தன் பொய் சொல்லவில்லை, அவன் பார்த்தது வெள்ளைதான் என்பதையும் சொல்வது.

4. உன் மாமா குறுக்கே பேசி என்னைக் காப்பாற்றப் பார்த்தால், இந்த ஒரு தரம் மட்டும் அவர் வாக்கியத்தை முடிக்கவிடாமல் இருப்பது.

5. தோள்விளக்கை என் தோளில் கட்டிக்கொண்டு, உன் மாமாவின் தோணியில் ஏறி, எல்லோரும் பார்க்கப் போய்த் திரும்பி வருவது. எனக்குத் தோணி விடத் தெரியாது. கவிழ்ந்தால் சிரிக்கட்டும்.

6. அலுவலகத்துக்கு இரண்டாவது அறிக்கை எழுதுவது. வேலை போனால் போகட்டும் என்று வீரமாக எழுத வரவில்லை, போகக் கூடாது என்றுதான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுவது.

7. இரண்டாவதையும் மூன்றாவதையும் செய்து முடித்து வீடு திரும்பியதும், இதற்குக் கீழே நேரத்தை எழுதுவது. கீழே வெறும் தாளாக இருந்தால், உன் நைனா சொல்லாமலே ரயில் ஏறிவிட்டான் என்று வைத்துக்கொள். நீ இந்த ஊருக்கு வந்து, தென்கரையில் நின்று, என் பேரைச் சொல்லி நீயே சொல்லிவிடு.

காலை ஒன்பது மணி இருபத்தைந்து நிமிடம்.